குட்டைக்கு ஒரு கவுல்

வேடந்தாங்கல் என்றால் எல்லோருக்கும் பறவைகள்தான் ஞாபகம் வரும். எனக்கு அதற்கு முன்னால் ஒரு குட்டை ஞாபகத்துக்கு வருகிறது. என் பெரியம்மாவைக் கொடுத்த ஊர் அங்கிருந்து நடந்து போகிற தூரம். அறுபதுகளில் காலாண்டு லீவு விட்டால் என்னையும் தம்பியையும் அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். புரட்டாசி மாதம். மத்தியானம் வெயில் கொளுத்தும், சாயங்காலம் இடி இடித்து நல்ல மழை பெய்யும். பறவைகள் வந்து சேர இன்னும் ஒரு மாதம் இருக்கும்.

களத்துமேட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம். கோடையில் அதில் கிரிக்கெட் ஆடலாம், தரை அவ்வளவு காய்ந்து வெடித்துக் கிடக்கும். நாலு மழை பெய்ததும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும், பால் அதிகம் விட்ட டீ மாதிரி ஒரு நிறம். அடுத்த வாரம் அதில் ஒரு விரற்கடை நீளத்துக்குக் கண்ணாடி போன்ற உயிர்கள் நீந்தும். உடம்புக்குள் ஓடுகிற குடல்கூடத் தெரியும். வால் நுனி மட்டும் செம்பருத்தி நிறம். வேடிக்கை என்னவென்றால் அவை மல்லாந்து நீந்தும், வயிறு மேலே, முதுகு கீழே. வயிற்றுப் பக்கம் வரிசையாக இருக்கிற கால்கள் துடுப்புப் போட்டதுபோல் அலை அலையாக அசையும்.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்து வைப்போம். ஆயா பார்த்துவிட்டு, "எறா குஞ்சுடா, பாவம், கொண்டுபோய் விட்டுடு" என்பார். எறா கடலில் அல்லவா இருக்கும், மாமல்லபுரத்திலிருந்து மீன்காரம்மா கூடையில் கொண்டுவருவது அல்லவா எறா என்று தம்பி கேட்பான். ஆயாவிடம் பதில் இல்லை. போன மாதம் கட்டாந்தரையாகக் கிடந்த பள்ளத்துக்கு, ஆற்றோடும் ஏரியோடும் சம்பந்தமே இல்லாத பள்ளத்துக்கு, இந்த எறா எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்வியை நான் சுமார் ஐம்பது வருஷம் மறந்துவிட்டேன்.

ரிடையர் ஆனபிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆங்கிலத்தில் இந்தக் கூட்டத்துக்குப் பெயர் ஃபேரி ஷ்ரிம்ப். தமிழில் தேவதை இறால் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. குட்டை இறால் என்றே சொல்கிறேன். இந்தியாவில் பரவலாக இருக்கிற ஓர் இனத்துக்கு ஸ்ட்ரெப்டோசெபாலஸ் டைகோடோமஸ் என்று பெயர். 1860-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த வில்லியம் பெயர்ட் இந்தியாவிலிருந்து போன மாதிரியைப் பார்த்து வைத்த பெயர். டைகோடோமஸ் என்றால் இரண்டாகக் கிளைத்தது. ஆணின் தலையில் இருக்கிற கொம்பு போன்ற உறுப்பு, பெண்ணைப் பற்றிக்கொள்வதற்காக, கவட்டை போலப் பிரிந்திருக்கும். பெயர்ட் அந்தக் குட்டையைப் பார்த்தவர் இல்லை. சாராயத்தில் ஊறிய உடம்பைத்தான் பார்த்தார்.

பதில் மண்ணில் இருந்தது. தண்ணீர் வற்றுவதற்குள் பெண் முட்டையிட்டுவிடும். முட்டைக்குள் கரு கொஞ்சம் வளர்ந்து அப்படியே நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கிற தண்ணீர் கிட்டத்தட்ட எல்லாம் போய்விடும். ட்ரெஹலோஸ் என்ற ஒருவகைச் சர்க்கரைதான் அந்த நிலையில் உயிரணுவைக் கெடாமல் பிடித்து வைக்கிறது என்கிறார்கள். சித்திரை வெயிலில், மாட்டுக் குளம்படியில், புழுதியோடு புழுதியாக அது வருஷக்கணக்கில் கிடக்கும். மழை பெய்து நீர் தேங்கினால் ஓரிரு நாளில் பொரிந்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் வளர்ந்து, கூடி, முட்டையிட்டு, கதை முடிந்தது. இதன் சொந்தக்காரனான உப்புநீர் இறால் ஆர்ட்டீமியாவின் முட்டையை 1972-ல் அப்பல்லோ 16 விண்கலத்தில் வைத்து நிலாவரைக்கும் கொண்டுபோய்ச் சோதித்திருக்கிறார்கள் என்றால் பாருங்கள்.

இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. முதல் மழைக்கு எல்லா முட்டையும் பொரிவதில்லை. ஒரு பங்குதான் பொரியும். மற்றவை மண்ணிலேயே இருக்கும். முதல் மழையோடு வானம் பொய்த்துக் குட்டை வற்றிப்போனாலும் வம்சம் அழியாது. மானாவாரி விவசாயம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருக்கிற விதையை எல்லாம் ஒரே மழைக்கு யாரும் விதைக்க மாட்டார்கள்.

இது ஏன் ஏரியில் இல்லாமல் குட்டையில் மட்டும் இருக்கிறது என்றால், மீன்தான் காரணம். ஓடு கிடையாது, முள் கிடையாது, வேகமும் கிடையாது. மீன் இருக்கிற நீரில் ஒரு நாள் தாங்காது. வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்காததே அதற்குப் பாதுகாப்பு. நாம் "ஒண்ணுக்கும் உதவாத குட்டை, கோடையில் வற்றிவிடும்" என்று எதைக் குறையாகச் சொல்கிறோமோ அதுதான் அதன் கோட்டைச் சுவர்.

இங்கே நம் ஊர்ச் சரித்திரத்துக்கு வருகிறேன். தாங்கல் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஜில்லாக்காரன் தண்ணீரை ஒரே பெயரில் அழைத்தவன் இல்லை. பெரிதாக, கரை போட்டு, மதகு வைத்து, ஆயக்கட்டோடு இருந்தால் ஏரி. சிறிதாக, மழைநீரைத் தாங்கி நிற்பது தாங்கல். ஏந்தி நிற்பது ஏந்தல். கோயிலோடு இருப்பது குளம். எதிலும் சேராதது குட்டை. வேடந்தாங்கல் என்ற பெயருக்கு வேடர்கள் இருந்த தாங்கல் என்று பொருள் சொல்வார்கள். ரயிலில் பரங்கிமலைக்கும் மீனம்பாக்கத்துக்கும் நடுவில் பழவந்தாங்கல் என்று ஒரு ஸ்டேஷன் வருகிறதே, அதுவும் இந்தச் சொல்தான். பிளாட்பாரத்தில் நிற்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கல் என்றால் தண்ணீர் என்று தெரியும்? மாம்பலத்து நெட்டேரியைத் தூர்த்து 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. அது பெரிய ஏரி, அதனால் சரித்திரத்தில் பெயராவது மிச்சம். குட்டைகளுக்கு அதுவும் இல்லை.

ஆற்காட்டு நவாப் முகமது அலி 1763-ல் செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற இன்ஜினியர் இந்தச் சீமையில் சுமார் இரண்டாயிரம் ஊர்களைக் கணக்கெடுத்தார். ஓலைச்சுவடியில் நம் கணக்குப்பிள்ளைகள் எழுதி வைத்திருந்த விவரங்களும் கிடைத்திருக்கின்றன. தரம்பால் முதலியவர்கள் அவற்றைத் தேடி எடுத்து ஆராய்ந்ததால் நமக்குத் தெரிகிறது. அந்தக் கணக்கின் நோக்கம் வரிதான், மறைக்க ஒன்றுமில்லை. ஏரி இருந்தால் நஞ்சை, நஞ்சை இருந்தால் தீர்வை.

பிறகு வந்தவர் கலெக்டர் லயனல் பிளேஸ். 1794 முதல் 1798 வரை ஜாகீரை நிர்வாகம் பண்ணினார். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதை நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடைமழையில் ஏரி உடையப்போகிற இராத்திரி, கரைமேல் வில்லும் அம்புமாக இரண்டு பேர் காவல் நின்றதைத் துரை பார்த்தார் என்பதும், அதனால் தாயார் சந்நிதியைக் கட்டிக் கொடுத்தார் என்பதும் கோயில் ஐதிகம். அவர் பெயர் சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது. ஐதிகம் ஒருபுறம் இருக்கட்டும். இந்தப் பிளேஸ் துரை ஏரிகளைப் பழுதுபார்ப்பதில் மும்முரமாக இருந்தவர் என்பதற்கு 1799-ல் அவர் கும்பினிக்குக் கொடுத்த நீண்ட அறிக்கையே சாட்சி.

வேடந்தாங்கல் கவுலும் இவர் காலத்ததுதான். சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக்குப் போய் கலெக்டரிடம் முறையிட்டு, இனி யாரும் சுடக்கூடாது என்று கவுல் வாங்கினார்கள். 1798 என்று வருஷம் சொல்கிறார்கள். 1858-ல் அப்போதிருந்த கலெக்டரிடம் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். 1936-ல் சரணாலயமாக அங்கீகாரம். நம் நாட்டில் ஜனங்களே கேட்டு வாங்கிய மிகப் பழைய பாதுகாப்புகளில் இதுவும் ஒன்று என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் என்ன சொல்லியிருப்பார்கள்? பறவை எச்சம் விழுந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு எரு வேண்டாம் என்பது அவர்கள் கண்ட உண்மை. விளைச்சல் இருந்தால் தீர்வை வரும் என்பது துரை கண்ட உண்மை. இரண்டு கணக்கும் ஒத்துப்போனதால் கவுல் கிடைத்தது. பறவைக்கு ஒரு உபயோகம் இருந்தது. ஏரிக்கு ஆயக்கட்டு இருந்தது. குட்டைக்கு ஆயக்கட்டு இல்லை. நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் இருந்தால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம் என்று நம் நிர்வாகம் பிரித்து வைத்திருக்கிறதே, அந்த ஏணியில் குட்டைக்குப் படியே கிடையாது. கணக்கில் அது "குட்டை புறம்போக்கு" என்று ஒரு வரி. அந்த வரியை அடித்து எழுதுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே அடித்து எழுதியிருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். நான் ஒரு அலுவலகத்தில் உதவியாளர். எந்த அலுவலகம், எந்த ஊர் என்பது வேண்டாம். ஒரு ஊரில் குட்டை புறம்போக்கை வகைமாற்றம் செய்து ஒரு பொதுக் கட்டடத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று கோப்பு வந்தது. ஸ்தல விசாரணைக்கு மேலதிகாரியோடு நானும் போனேன். சித்திரை மாதம். குட்டை காய்ந்து கிடந்தது. நடுவில் இரண்டு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ஊரில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. நான் குறிப்பு எழுதினேன்: நீர் இல்லை, பாசனம் இல்லை, மீன் ஏலம் இல்லை, பொதுமக்களுக்கு உபயோகம் இல்லை. "நாலு இல்லை போட்டிருக்கிறாயே, நல்ல குறிப்பு" என்று மேலதிகாரி சிரித்தார். இரண்டு வருஷத்தில் மண் கொட்டி மேடாக்கிக் கட்டடம் எழும்பிவிட்டது. நல்ல காரியத்துக்கான கட்டடம்தான், அதில் சந்தேகம் இல்லை.

அந்த நாலு "இல்லை"யில் மூன்றாவது ஒன்று போதும் அங்கே குட்டை இறால் இருந்திருக்கலாம் என்று சொல்ல. மீன் இல்லை என்று நானே எழுதினேன். அதே புரட்டாசியில் போய்ப் பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனா என்றால், மாட்டேன். அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிறுவயதில் பாட்டிலில் பிடித்தது எனக்கு அப்போது நினைவுக்கே வரவில்லை.

பிறகு காலம் கொஞ்சம் மாறியது. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பஞ்சாபில் ஒரு கிராமக் குட்டையைத் தூர்த்து வீடு கட்டியவர்களைக் காலி செய்யச் சொன்னதோடு, எல்லா மாநிலங்களும் இப்படிப்பட்ட பொது நிலங்களை மீட்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பைப் படித்த நாள் எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. படுத்துக்கொண்டு அந்த இரண்டு ஆடுகளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு குட்டை போனால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவில் புளோரிடா மாநிலம் கெயின்ஸ்வில் நகருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு குட்டையில் ஒரு வகைக் குட்டை இறால் இருந்தது. 1953-ல் ரால்ஃப் டெக்ஸ்டர் என்ற விலங்கியலாளர் அதை விவரித்து எழுதினார். வேறெங்கும் அது கிடைக்கவில்லை. அந்தக் குட்டை மேம்பாட்டுப் பணியில் மறைந்தது. 2011-ல் அந்த நாட்டு வனவிலங்குத் துறை அந்த இனம் அற்றுப்போனது என்று அறிவித்துவிட்டது. நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அதே வருஷம். நம்முடைய டைகோடோமஸ் நல்லவேளையாகப் பரவலான இனம். ஆனால் இந்தக் கூட்டத்தில் பல இனங்களுக்கு ஒன்றிரண்டு தாலுகா அளவுகூட இடம் கிடையாது. ஒரு கோப்பு, ஒரு லாரி மண், அவ்வளவில் முடிந்துவிடும்.

அதே அமெரிக்காவில் கலிபோர்னியா பக்கம் வேறு கதை. அங்கே 1990-ல்தான் அறிவியல் பெயர் பெற்ற ஒரு இனம், 1994-லேயே அழியும் நிலையில் உள்ளது என்று சட்டப் பாதுகாப்புக்குள் வந்தது. மெர்சட் என்ற ஊரில் புதிதாகப் பல்கலைக்கழகம் கட்டப் போனபோது இந்த மழைக்குட்டைகள் குறுக்கே நின்றன. கடைசியில் வளாகத்தின் இடத்தையும் பரப்பையும் மாற்றித்தான் கட்டினார்கள். ஒரு விரற்கடை இறாலுக்காகப் பல்கலைக்கழகம் ஒதுங்கியது என்றால் என் பழைய மேலதிகாரி நம்பவே மாட்டார். இங்கிலாந்தில் இன்னும் வேடிக்கை. சாலிஸ்பரி சமவெளியில் ராணுவ டாங்கிகள் ஓடிப் பள்ளமாக்கிய தடங்களில் மழைநீர் தேங்கி, அதில் குட்டை இறால் வாழ்கிறது. சக்கரத்தில் ஒட்டிய சேற்றோடு முட்டை ஒரு பள்ளத்திலிருந்து இன்னொரு பள்ளத்துக்குப் போகிறது. பழைய காலத்தில் அந்த வேலையை மாட்டுக் குளம்பு பார்த்தது.

நம் ஊரில் மாட்டோடு பறவையும் பார்த்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட முட்டைகள் நீர்ப்பறவையின் காலில் ஒட்டிக்கொண்டும், வயிற்றுக்குள் போய் எச்சத்தோடு உயிராக வெளிவந்தும் பரவுகின்றன என்று சோதித்துக் கண்டிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் வேடந்தாங்கல் ஏரி வெறும் முப்பது ஹெக்டேர்தான். அங்கே கூடு கட்டுகிற கூழைக்கடாவும் நாரையும் அரிவாள்மூக்கனும் இரை தேடுவது சுற்றுவட்டார வயலிலும் தாங்கலிலும் குட்டையிலும்தான். அதனால்தான் 1998-ல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டரைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2020-ல் அதை மூன்றாகக் குறைக்கப் பேச்சு வந்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது நினைவிருக்கும். 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. சந்தோஷம். பறவைக்காகப் பேசிய எல்லோரும் ஏரியைப் பேசினார்கள், நானும்தான். அந்த ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிற பள்ளங்களை யாரும் எண்ணவில்லை.

இப்போது குட்டைக்கு ஆபத்து தூர்ப்பவர்களிடமிருந்து மட்டும் வருவதில்லை, நல்லது செய்கிறவர்களிடமிருந்தும் வருகிறது. இதைச் சொன்னால் சில நண்பர்களுக்குக் கோபம் வரும். ஜே.சி.பி. வைத்துக் குட்டையை ஆழப்படுத்தி, சுற்றிலும் கல் பதித்து, நடைபாதை போட்டு, கொசு ஒழிய கம்பூசியா மீனையும் வளர்ப்புக்குக் கெண்டையையும் விட்டுவிடுகிறார்கள். வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது, போட்டோ அழகாக இருக்கிறது. பத்தடி ஆழத்துக்கு அள்ளிப்போட்ட மேல்மண்ணில்தான் முட்டைகள் எல்லாம் இருந்தன. மிச்சம் மீதி பொரிந்ததை மீன் பார்த்துக்கொள்ளும். நிலத்தடி நீருக்கு ஆழப்படுத்த வேண்டிய இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஊருக்கு ஒரு பள்ளத்தையாவது அதன்பாட்டுக்கு வற்றி நிரம்ப விட்டால் என்ன என்பதுதான் என் கட்சி.

உபயோகம் வேண்டும் என்கிறவர்களுக்கும் ஒரு செய்தி. நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறால் குஞ்சு பொரிப்பகங்கள் இருக்கின்றனவே, அங்கே குஞ்சுகளுக்கு முதல் தீனி ஆர்ட்டீமியா. டப்பாவில் அடைத்த முட்டையாக வெளிநாட்டிலிருந்து வருவது, விலை அதிகம். நன்னீர் வளர்ப்புக்கும் அலங்கார மீன் குஞ்சுகளுக்கும் அதற்குப் பதிலாக நம் குட்டை இறாலையே கொடுக்கலாமா என்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் என். முனுசாமியும் அவர் மாணவர்களும் 1980-கள் தொட்டு டைகோடோமஸை ஆராய்ந்திருக்கிறார்கள். பெல்ஜியத்தின் ஹென்றி டூமோன்டோடு சேர்ந்து 1997-ல் அவர் இதைப் பற்றி எழுதிய கட்டுரை பிரபலம். ஆக, நான் எழுதிய "உபயோகம் இல்லை" என்ற வார்த்தைக்கு அந்த வருஷங்களிலேயே கிண்டியில் பதில் தயாராகிக்கொண்டிருந்தது.

பெரியம்மா ஊர்ப் பள்ளம் இன்னும் இருக்கிறது, பாதிதான். ஒரு பக்கம் ரோடு ஏறிவிட்டது. போன சித்திரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, அங்கே மேல்மண்ணை இரண்டு கைப்பிடி சுரண்டி பிளாஸ்டிக் பையில் எடுத்துவந்தேன். "மாமா, பூச்செடிக்கா?" என்று மச்சான் மகன் கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டு மாடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் மண்ணைப் பரப்பி, மழைத் தண்ணீர் பிடித்து ஒரு சாண் உயரம் ஊற்றி வைத்தேன். குழாய்த் தண்ணீர் ஆகாது, மருந்து கலந்திருக்கும்.

இரண்டாம் நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் பேரன் டார்ச் அடித்துப் பார்த்து, "தாத்தா, தூசி நகருது" என்றான். என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு வாரத்தில் தெரிந்தது. பாதி தெள்ளுப்பூச்சி, நாலைந்து கொசுப்புழு, அவற்றுக்கு நடுவே ஏழு மட்டும் மல்லாந்து நீந்தின. பத்துப் பன்னிரண்டு நாளில் வால் சிவந்தது. மூன்று பெண், வயிற்றுக்குக் கீழே முட்டைப் பை தொங்கியது. இருபத்திரண்டாம் நாள் கடைசி ஒன்றும் செத்துப்போனது. பேரன் அழுதான். தண்ணீரைத் தானாக வற்றவிட்டு, மண்ணைக் காயவைத்து, ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு மொட்டை மாடி அறையில் வைத்திருக்கிறேன். டின் மேல் பேரன் தேதியை எழுதி ஒட்டியிருக்கிறான். என் மனைவி அதைக் கோலமாவு என்று நினைத்து ஒரு நாள் எடுத்துவிட்டாள், நல்லவேளை பார்த்துவிட்டேன். வரும் புரட்டாசியில் பாதி மண்ணை மட்டும் எடுத்து நனைக்கலாம் என்று இருக்கிறோம்.